செக்கிங் அக்கா எழுதிய இங்கிலீஷ் பரீட்சை

பெண்ணாடம் சர்க்கரை ஆலையின் புகை முதுகுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் நன்றாகத்தான் நடந்தேன். அதற்கப்புறம் செருப்பு அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு விருத்தாசலம் ரோட்டில் போனேன். கரும்பு வெட்டுகிற ஆட்களோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. காலையில் எழுந்தேன், அரிவாளைத் திருப்பிக் கொடுத்தேன், போயிட்டு வரேன் என்றேன். மேஸ்திரி, "எங்கடா போற?" என்றார். "தெரியலைங்க" என்றேன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டது அப்படித்தான். திட்டக்குடி அரிசி ஆலை, போர்வெல் லாரி, கேரளாவில் ஒரு புரோட்டா கடை, எல்லாவற்றையும் விட்டதும் அப்படித்தான். கரும்புத் தோகை கிழித்த இடமெல்லாம் வியர்வை பட்டு எரிந்தது. ஒரு டிராக்டர்காரர் கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டார்.

ஊருக்குள் நுழைவதற்கு முன்னால், பீங்கான் ஷெட்டுகள் ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு டீக்கடை. அதன் பக்கத்தில் ஒரு கல்யாண பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். டீக்கடை ஸ்டூலைப் போட்டு அதன் மேல் ஏறி நின்று, ஒரு பெண் கையில் மார்க்கர் பேனாவோடு அந்த பிளெக்ஸில் எழுதிக்கொண்டிருந்தார். கீழே மாப்பிள்ளையின் நண்பர்கள் இரண்டு பேர் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, எறங்குங்கக்கா. காசு குடுத்து அடிச்சது."

"இருடா. பாதிதான் ஆயிருக்குது."

"எங்க மூஞ்சி மேலயே புள்ளி வெக்கிறீங்களே!"

"உன் மூஞ்சி வாக்கியம் முடியற எடத்துல இருந்தா நான் என்னா பண்றது?"

பிளெக்ஸில் மணமக்களை வாழ்த்தி இங்கிலீஷில் எழுதியிருந்தது. மூன்று வரிக்கு ஓடியது. நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. அவர் ஸ்டூலில் நின்றபடியே என்னைப் பார்த்தார்.

"தம்பி, படிச்சிருக்கியா?"

"எட்டாவது."

"போதும். இதைப் படி. எந்த எடத்துல மூச்சு முட்டுதுன்னு சொல்லு."

"எனக்கு மொத வார்த்தையிலயே முட்டுதுங்க."

டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கீழே இறங்கவில்லை. தானே வாய்விட்டுப் படித்து, இரண்டு காற்புள்ளியும் ஒரு முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டுத்தான் இறங்கினார். அப்புறம் என் காலையும் கையிலிருந்த செருப்பையும் பார்த்துவிட்டு, "மண்ணு மூட்டை தூக்குவியா?" என்று கேட்டார். தூக்குவேன் என்றேன். அவர் வேலை பார்த்த பீங்கான் ஷெட்டில் எனக்கும் வேலை கிடைத்தது இப்படித்தான்.

அவருடைய பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. செக்கிங் அக்கா என்பார்கள். முதலாளிகூட கோபம் இல்லாத நாளில் அப்படித்தான் கூப்பிடுவார். முப்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். நல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். கணவர் வேலைக்கு என்று திருப்பூர் போய், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், பஸ்ஸு லேட்டு என்று சொல்வது மாதிரி.

அவர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பீங்கான் கோப்பை செய்ய மண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும். உள்பக்கம் தோல் மாதிரி மண் பிடித்துக்கொள்ளும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, இறுகினதும் வெளியே எடுத்தால் அது பச்சைக் கோப்பை. பச்சை என்றால் நிறம் இல்லை, இன்னும் வேகாதது என்று அர்த்தம். அது காய்ந்ததும், சூளைக்குப் போவதற்கு முன்னால், அக்காவின் மேசைக்கு வரும். அவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரு சுற்றுத் தடவுவார். கோப்பை நனைந்து கறுக்கும். கொஞ்ச நேரத்தில் காய்ந்து பழையபடி வெளுக்கும். எங்காவது விரிசல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் எண்ணெய் தங்கி, தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு தெரியும். தெரிந்த மறு நிமிஷம் அந்தக் கோப்பை தொட்டியில் டப்பென்று விழுந்து உடையும்.

சேர்ந்த புதிதில் எனக்கு அது வீணாகத் தெரிந்தது. "கொஞ்சம் ஈர மண்ணைக் குழைச்சுப் பூசிட்டா மறைஞ்சிடாதாக்கா?" என்று கேட்டேன்.

"மறையும். இங்க மறையும். சூளைக்குள்ள போனா பூசின மண்ணு ஒரு பக்கம் சுருங்கும், கோப்பை ஒரு பக்கம் சுருங்கும். வெளிய வரும்போது பல்லை இளிச்சிக்கிட்டு வரும். ஒடைச்சுக் கரைச்சு மறுபடி ஊத்தறதுதான் வழி. பச்ச மண்ணுக்கு என்னா நஷ்டம்?"

அவர் அப்படிச் சொல்லும்போது குரலில் கடுமை இருக்காது. ஆனால் கோப்பையைக் கையில் எடுத்துவிட்டால் யார் பேச்சும் காதில் ஏறாது. ஒரு தடவை பெரிய ஆர்டர் ஒன்று. வாங்குகிறவர் ஆபீஸில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அக்கா ஒரு பலகை நிறையக் கோப்பைகளைத் தள்ளி வைத்துவிட்டார். முதலாளி பார்த்தார். அவர் கண்ணுக்குக் கோடு ஒன்றும் தெரியவில்லை. "ஏம்மா, இருக்கறதை ஒடைக்கறியா, இல்லாததையும் ஒடைக்கறியா?" என்று கத்திவிட்டு, அந்தப் பலகையை அவரே தூக்கிக்கொண்டு போய்க் கோப்பைகளைச் சூளையில் ஏற்றினார். சூளை ஆறித் திறந்தபோது பாதி கோப்பை விரிசலோடு வந்தது. பாதி நன்றாகவே வந்தது.

"பாத்தியா? நல்லதையும் ஒடைக்கப் பாத்தே" என்றார் முதலாளி.

"பாதி நல்லா வரல இல்லிங்களா?" என்றார் அக்கா.

"பாதி வந்துச்சுல்ல!"

"பாதி வரல இல்லிங்களா?"

கொஞ்ச நேரம் இப்படியே போனது. இரண்டு பேரும் சொன்னது சரிதான். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா அடுத்த பலகையை இழுத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கு அவரைப் பார்த்துக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அக்காவுக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பீங்கான் தொழிலுக்கென்று ஊரில் ஒரு டிப்ளமா படிப்பு இருக்கிறது. அதில் சேர வேண்டும். வயசு வரம்பு இல்லை என்று விசாரித்து வைத்திருந்தார். பத்தாவது பாஸ் ஆகியிருந்தால் போதும். மற்றப் பாடமெல்லாம் எப்போதோ பாஸ். கணக்கில் நல்ல மார்க். இங்கிலீஷ் மட்டும் நின்றது. தனித்தேர்வராக மூன்று தடவை எழுதியாயிற்று, மூன்று தடவையும் போயிற்று.

"இந்த வயசுல போய் அந்தப் பசங்களோட பெஞ்சுல உக்காந்து என்னாடி படிக்கப் போற?" என்று கேட்பார் மேரியம்மா.

"எனக்கு விரிசல் எங்க இருக்குதுன்னு தெரியும் மேரிம்மா. ஏன் வருதுன்னு தெரியாது. அதைச் சொல்லிக் குடுக்கற எடத்துக்குப் போவணும்."

மேரியம்மா எங்கள் ஷெட்டில் கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு, போடுகிறவர். முதல் தடவை வெந்து வந்த கோப்பையை அவர்தான் கிளேஸ் வாளியில் முக்கி எடுப்பார். அதற்கப்புறம் இரண்டாம் சூளை. அதில்தான் பளபளப்பு வரும். கனத்த உடம்பு, பெரிய குரல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்குப் போவார். திட்டித் திட்டியே அக்காவுக்கு எல்லாம் செய்வார்.

சாப்பாட்டு நேரத்தில்தான் இங்கிலீஷ் நடக்கும். தேய்ந்துபோன பிளாஸ்டர் அச்சுகள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அவற்றின் முதுகு வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். பென்சிலால் எழுதலாம், ஈரத் துணியால் துடைக்கலாம். அக்கா அதில் வாக்கியம் எழுதுவார். எழுதினதும் திரும்பிக்கொண்டு சோற்றைச் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்துதான் அதை மறுபடி பார்ப்பார். கேட்டால், "எழுதின சூட்டுல பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். காயட்டும், தெரியும்" என்பார்.

எங்களுக்குக் காது இருந்ததால் நாங்களும் கற்றுக்கொண்டோம். வாக்கியம் தொடங்கினால் பெரிய எழுத்து. ஆள் பேருக்கும் ஊர்ப் பேருக்கும் பெரிய எழுத்து. நான் என்று சொல்கிற ஐ எங்கே வந்தாலும் பெரிய எழுத்து.

"நீ, அவன், அவளுக்கெல்லாம்?" என்றார் மேரியம்மா.

"நடுவுல வந்தா சின்ன எழுத்துதான்."

"தன்னை மட்டும் பெருசா எழுதிக்கிறான் பாரு வெள்ளக்காரன்."

ஒருத்தர் வேலை செய்தால் அந்த வேலையைச் சொல்கிற வார்த்தைக்குக் கடைசியில் எஸ் போட வேண்டும், நாலு பேர் சேர்ந்து செய்தால் வேண்டாம் என்றார் ஒரு நாள். மேரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்டியா செய்றவளுக்குத்தான் கூடுதல் சுமை. அது எல்லா ஊருலயும் அப்படித்தான்" என்றார். இன்னொருவர் பேசினதை எழுதும்போது அவர் வாயைத் திறக்கிற இடத்தில் மேலே இரண்டு கோடு, மூடுகிற இடத்தில் இரண்டு கோடு. இதற்கு மட்டும் மேரியம்மா, "சில பேருக்கு மூடற கோடே தேவைப்படாது" என்று முதலாளியின் அறைப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

சந்தேகம் வந்தால் அக்கா ஆள் பார்க்க மாட்டார். கரண்ட் கணக்கெடுக்க வந்தவர், மண் லாரி டிரைவர், பஸ் கண்டக்டர், யாராக இருந்தாலும் நிறுத்திக் கேட்பார். தெரியாது என்று சொல்கிறவர்களிடம், "தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேரியம்மாவோடு மாதா கோவிலுக்குப் போனார். ஃபாதருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று கேள்விப்பட்டிருந்தார். ஃபாதர் பாவசங்கீர்த்தனம், அதாவது ஒவ்வொருவராக வந்து சொல்கிற பாவங்களை, கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா என்ன ஏது என்று விசாரிக்காமல் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டார். முறை வந்ததும் முழங்காலிட்டுக் காற்புள்ளி பற்றிக் கேட்டிருக்கிறார். ஃபாதர் நல்ல மனிதர். சொல்லிக் கொடுத்தே அனுப்பினார்.

"பின்னாடி நின்னவங்க எல்லாம் என்னா நெனச்சிருப்பாங்க?" என்றார் மேரியம்மா மறுநாள். "இவ்வளவு நேரம் சொல்றாளே, எவ்வளவு பாவம் பண்ணியிருப்பான்னுதானே நெனச்சிருப்பாங்க!"

இவ்வளவு தெரிந்த ஆள் ஏன் பாஸ் ஆகவில்லை என்பதுதான் எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. தனக்கு இன்னும் ஏதோ விதி தெரியாமல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலும் மேலும் படித்தார். மறுதேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று. இந்தத் தடவையும் போனால் இன்னொரு வருஷம் போய்விடும். "இதுவும் போச்சுன்னா விட்டுடுவேன்" என்று ஒரு நாள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார். அவர் எதையும் விடுவேன் என்று சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

மேரியம்மாதான் ஒரு யோசனை சொன்னார். சூளை ஆறுகிற நாளில் ஷெட்டில் வேலை இருக்காது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போய்விட்டு வந்ததும், அக்காவை உட்காரவைத்துப் பரீட்சை எழுதச் சொல்லலாம் என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பழைய கேள்வித்தாள் ஒன்றை வாங்கி வந்தேன். மேசையைத் துடைத்தோம். என்னை சூப்பர்வைசராக நிற்கவைத்தார்கள்.

"எட்டாவது படிச்சவன் பத்தாவதுக்கு சூப்பர்வைசரு. இந்த நாட்டுல என்னாதான் நடக்காது?" என்று சொல்லிவிட்டு மேரியம்மா செல்போனில் நேரம் வைத்தார். வைத்துவிட்டு, சாக்கின் மேல் சாய்ந்து தூங்கிப்போனார்.

எனக்கு வேறு வேலை இல்லாததால் அக்கா எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேகமாகத்தான் எழுதினார். ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருந்தது. ஒரு பக்கம் நிறைய எழுதினார். நிறுத்தினார். மேலிருந்து கீழே பார்த்தார். பேனாவை எடுத்து மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும் ஒரே கோடாக அடித்தார். புதுப் பக்கத்தில் மறுபடி முதலிலிருந்து அதே கடிதத்தை எழுதினார். முக்கால்வாசி வந்ததும் நிறுத்தினார். மறுபடி ஒரு கோடு. மூன்றாம் பக்கத்தில் மறுபடி அதே கடிதம். செல்போன் கத்தியபோது கேள்வித்தாளில் பாதிக்கு மேல் அவர் கை படவே இல்லை.

மேரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து தாள்களைப் புரட்டினார். அடித்த பக்கமாகவே வந்தது.

"என்னாடி இது?"

"தப்பா போச்சு. அதான் அடிச்சுட்டு எழுதினேன்."

"என்னா தப்பு?"

"ஒரு கமா விட்டுட்டேன்."

"ஒரு கமாவுக்கா முழுப் பக்கத்தையும் அடிச்சே?"

"பின்ன? விரிசல் விட்டதுல ஒட்டுப்போட்டா சூளையில தெரிஞ்சிடாதா?"

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. மேரியம்மா என்னைப் பார்த்தார். நான் மேரியம்மாவைப் பார்த்தேன்.

"மூணு தடவையும் இப்படித்தான் எழுதினியா?"

"ஆமா."

"கடைசிக் கேள்வி வரைக்கும் போயிருக்கியா?"

"அது எங்க போறது? அதுக்குள்ள மணி அடிச்சுடறாங்க."

மேரியம்மா அக்காவின் கையைப் பிடித்து கிளேஸ் வாளிக்கு இழுத்துக்கொண்டு போனார். வெந்த கோப்பை ஒன்றை எடுத்து, மூன்று விரலால் பிடித்து முக்கி எடுத்தார். வெள்ளையாக கிளேஸ் பிடித்தது. விரல் பிடித்திருந்த மூன்று இடத்தில் மட்டும் பிடிக்கவில்லை.

"இங்க விட்டுப்போச்சு. இப்ப நான் என்னா பண்ணணும்?"

"தொட்டு வெக்கணும்" என்றார் அக்கா.

"ஏன்? மொத்தத்தையும் இன்னொரு முக்கு முக்கிடறேனே."

"அய்யய்யோ. ரெண்டு பூச்சு ஏறிடும். சூளையில ஒழுகி அடியில இருக்கற கல்லுப் பலகையோட ஒட்டிக்கும். கோப்பையும் போச்சு, பலகையும் போச்சு."

"தெரியுதுல்ல?" மேரியம்மா சின்ன பிரஷ்ஷால் மூன்று இடத்திலும் கிளேஸைத் தொட்டு வைத்தார். கோப்பையைப் பலகையில் வைத்தார். "நீ பச்ச மண்ணுகிட்டயே குந்தி இருக்கற. ஒலகம் பூரா பச்ச மண்ணுன்னு நெனச்சுட்டே. பரீட்சைத் தாளு என் வாளிடி. முக்கினா முக்கினதுதான். விட்டதைத் தொட்டு வெச்சிட்டு அடுத்ததை எடுக்கணும்."

அக்கா அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், "பாத்தா தெரியுமே, தொட்டு வெச்ச எடம்" என்றார்.

"தெரிஞ்சா தெரியட்டும். அதுல டீ குடிக்க முடியுதா இல்லியா?"

சொல்வது சுலபம். அக்காவுக்குக் கை கேட்கவில்லை. அடுத்த சூளை ஆறின நாளில் மறுபடி எழுதவைத்தோம். அன்றைக்கு மேரியம்மா தூங்கவில்லை. கிளேஸ் சொட்டுகிற பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அக்காவின் பேனா மேல் மூலைக்குப் போகும்போதெல்லாம், "அடிச்சேன்னா உன் மூக்குல தொட்டு வெச்சிருவேன்" என்றார். இரண்டு தடவை வைத்தும் விட்டார். விட்ட இடத்தில் சின்னதாக ஒரு கூரை மாதிரிக் குறி போட்டு, அதன் தலையில் விட்டதை எழுதிவிட்டு மேலே போகலாம் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். அக்கா அந்தக் குறியைப் போடும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். ஊசி போட்டுக்கொள்கிறவர் முகம் மாதிரி இருக்கும். ஆனால் நாள் போகப் போகப் பக்கங்கள் மிஞ்ச ஆரம்பித்தன.

பரீட்சை அன்றைக்கு நானும் மேரியம்மாவும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த பழக்கடையில் உட்கார்ந்திருந்தோம். மணி அடித்தது. பையன்களும் பெண்களும் ஓடி வந்தார்கள். அக்கா கடைசியாக வந்தார். முகம் சரியில்லை.

"என்னாடி, அடிச்சுட்டியா?"

"இல்ல."

"கடைசிக் கேள்வி?"

"எழுதிட்டேன்."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

"அந்தத் தாளுல எத்தனை ஒட்டு இருக்குது தெரியுமா மேரிம்மா? வெக்கமா இருக்குது. அதை ஒருத்தரு கையில எடுத்துப் பாப்பாங்களே."

மேரியம்மா சிரித்த சிரிப்பில் பழக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மேரியம்மாவே மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கொய்யாப்பழம் வாங்கினார். அக்கா அதையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கடித்தார்.

ரிசல்ட் வந்த நாளில் முதலாளிதான் செல்போனில் பார்த்தார். நம்பரையும் பிறந்த தேதியையும் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கூழ் ஊற்றுகிறவர்கள், மண் பிசைகிறவர்கள், எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். அக்கா மட்டும் மேசையை விட்டு எழவில்லை. கோப்பை கோப்பையாகத் தடவிக்கொண்டே இருந்தார். பிரஷ் ஒரே கோப்பையை இரண்டு தடவை சுற்றியதை நான் பார்த்தேன்.

"அம்பத்திரண்டு!" என்று கத்தினார் முதலாளி. "பாஸும்மா! அம்பத்திரண்டு!"

ஷெட்டில் எழுந்த சத்தத்தில் பலகையில் இருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன. மேரியம்மா கிளேஸ் கையோடு அக்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்தையும் வெள்ளையாக்கிவிட்டார். யாரோ பலகையைத் தட்டித் தாளம் போட்டார்கள். அக்கா செல்போனை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து, கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். எல்லாரும் அடங்கினோம்.

"என்னாம்மா பாக்கற?"

"என் இனிஷியலுக்குப் பக்கத்துல புள்ளி வெக்காம விட்டுட்டாங்க."

முதலாளி சிரித்த சிரிப்பில் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவரே, டிப்ளமா படிப்பில் காலியிடம் இருக்கிறதா என்று தெரிந்த ஒருவருக்கு போன் போட்டார். இருக்கிறது, இன்றைக்கே வந்தால் சேர்ந்துவிடலாம் என்றார்கள். முதலாளி ஷெட்டின் லோடு ஆட்டோவை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கோப்பை கட்டுகிற வைக்கோலுக்கு நடுவில் அக்காவும் மேரியம்மாவும் நானும் ஏறிக்கொண்டோம். வழியில் தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் மேரியம்மா வண்டியிலிருந்தே, "பாஸு! எங்காளு பாஸு!" என்று கூவினார்.

ஆபீஸில் இருந்தவர் எங்கள் மூன்று பேரையும், அக்காவின் தலையில் இருந்த வைக்கோலையும் பார்த்தார்.

"யாருக்கு அட்மிஷன்? பொண்ணுக்கா, பையனுக்கா?"

"எனக்கு" என்றார் அக்கா.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். "உக்காருங்கம்மா" என்றார். அப்புறம், "கிளாஸ் ஆரம்பிச்சு நடந்துக்கிட்டு இருக்குது. நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

"காலையிலயேங்களா?"

"காலையிலதாம்மா கிளாஸ்."

வெளியே வந்தோம். லோடு ஆட்டோவில் ஏறும்போது அக்கா, "நாளைக்கு எம் மேசைக்கு ரெண்டு பலகை வந்திருக்கும்" என்றார். மேரியம்மா, "பேசாம ஏறுடி" என்றார்.

நான் அந்த வாரத்தோடு கிளம்பிவிடுவதாக முதலாளியிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். ஓசூர் பக்கம் போகலாம் என்று ஒரு நினைப்பு. என்னை அந்த ஊரில் பிடித்து வைக்க எதுவும் இல்லை. மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், சொல்லிக்கொண்டு போகலாம் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அக்காவின் மேசையில் இரண்டு பலகையும் காத்திருந்தன. முதலாளி பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தார். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றார்.

"ஏம்ப்பா, அந்த அம்மா பண்றதைப் பக்கத்துல இருந்து பாத்திருக்க இல்ல?" என்றார்.

"பாத்திருக்கேங்க."

பையைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினேன். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கோப்பை தேறியது. இரண்டாவதும் தேறியது. மூன்றாவதைத் தடவி, காயவிட்டுப் பார்த்து, தொட்டியில் போட்டேன். டப்பென்று உடைந்தது.

"டேய், டேய்! நல்லாத்தானடா இருந்துச்சு?"

"இல்லைங்க" என்று சொல்லிவிட்டு நான்காவதை எடுத்தேன்.